காலண்டர் ஏரி

இந்த விடுமுறைக்கும் தையல்காரி எங்கும் போகவில்லை. பழைய காலண்டரில் இருந்த ஏரியை வெட்டி, அட்டைப்பெட்டியில் தானே செய்த ஆல்பத்தில் ஒட்டினாள். கரையில், ஒரு போட்டோவிலிருந்து தன்னையும் கணவனையும் வெட்டி ஒட்டினாள். ஊருக்கெல்லாம் துணி வெட்டும் கை பிசகி, படத்தில் அவளுடைய இடது காது போய்விட்டது. பசை காய்ந்ததும் பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையாகக் காட்டினாள்.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. "நாங்களும் அங்கதான் இருந்தோம். எத்தனை தடவை கூப்பிட்டேன்! கண்டுக்கவே இல்லையே நீ."

குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்துத் தையல்காரி கூனிக்குறுகினாள். "மன்னிச்சிருங்கக்கா. நாங்க எங்கயும் போகல. சும்மா ஒட்டினேன்."

"வாய் கூசாம பொய் சொல்றியே!" அக்கா போனை நீட்டினாள்.

ஏரிக்கரையில் அக்காவின் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் தையல்காரியும் கணவனும் நின்றிருந்தார்கள். அவளுக்கு இடது காது இல்லை.