ஏழாவது பையனைத் தூக்க ஆளில்லை

குழந்தையின் வாயை விரலால் பிளந்து, பல் முளைத்திருக்கிறதா என்று பார்த்தாள் மருத்துவச்சி பெத்ரோனா. பிறகு அதன் உள்ளங்கையைத் திருப்பி, அங்கே முடி இருக்கிறதா என்றும் பார்த்தாள்.

"என்னக்கா, கன்னுக்குட்டி வாங்கவா வந்தே?" என்று ஊஞ்சல் படுக்கையில் கிடந்தபடியே கேட்டாள் சுனில்டா.

"சிரிக்காதடி. ஏழும் ஆம்பளை! ஒரே அப்பனுக்கு ஏழாவதாப் பொறக்கிற பையன் வளந்து லூயிசோன் ஆவான்னு பராகுவே முழுக்கத் தெரியும். செவ்வாய், வெள்ளி ராத்திரியில நாயா மாறிக் கல்லறையைத் தோண்டுவான். ஆறாவதுக்கும் ஒண்ணுமில்ல, எட்டாவதுக்கும் ஒண்ணுமில்ல. ஏழாவதுதான் ஆபத்து."

"தோண்டட்டுமே. மத்த ஆறும் மரவள்ளிக் கிழங்கு தோண்டச் சொன்னாக்கூட ஓடுதுங்க. இவனாவது வேலை செய்வான்."

பெத்ரோனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முற்றத்து மாமரத்தையும் அதனடியில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்த கூட்டத்தையும் பார்த்து விரலை மடக்கத் தொடங்கினாள். "டெர்லிஸ், ஓஸ்மர், பிளாஸ், எவெர்..."

சுனில்டா அவசரமாக அவள் கையைப் பிடித்தாள். "போதும் போதும், எண்ணாதே. கண்ணு பட்டுடும்."

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. மூத்த அண்ணனே ஞானத்தகப்பனாக நின்று, ஞானஸ்நானத்தின்போது குழந்தையைக் கையில் ஏந்தினால் பீடை விலகும். ஆனால் மூத்தவன் டெர்லிஸ் விடிந்ததுமே மாமரத்தில் ஏறிவிட்டான். ஏந்துகிறவனைத்தான் லூயிசோன் முதலில் கடிக்கும் என்று எவனோ அவனிடம் கொளுத்திப் போட்டிருந்தான். மீசை முளைத்த பயல், கிளையைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றான்.

இந்த அமளியில் அசராமல் உட்கார்ந்திருந்தவன் குழந்தையின் அப்பன் எலாதியோ மட்டும்தான். ஆந்தை கத்தினாலே சிலுவை போட்டுக்கொள்ளும் ஆள், கொம்புக் குவளையில் தெரெரே மூலிகைப் பானத்தை ஜில்லென்று உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

பெத்ரோனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்யா, ரூபேன் பொறந்தப்ப என்ன ஆட்டம் ஆடினே! இது ஆறாவதுதான்யான்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேன். கேக்காம டெர்லிஸையே ஞானத்தகப்பனா நிக்க வெச்சே. ஊரே சிரிச்சுது. இப்ப ஏழாவது வந்திருக்கு, நீ தெரெரே குடிக்கிறே!"

"அப்ப எனக்குப் புத்தி இல்லக்கா," என்றான் எலாதியோ, குவளையைப் பார்த்தபடி.

மதியம் பாதிரியார் வருவார். இன்றைக்கு விட்டால் அவர் மறுபடி இந்தப் பக்கம் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. டெர்லிஸ் இல்லாவிட்டால் நான் நிற்கிறேன் என்று மார்தட்டியிருந்த கசாப்புக்காரன் ஃபெர்மினுக்கும் திடீரென்று முழங்கால் பிடித்துக்கொண்டதாகத் தகவல் வந்தது. பாதிரியார் வந்து பிள்ளையின் பெயரைக் கேட்டால், அதைத் தூக்கிக் காட்டக்கூட ஆளில்லை.

அதுவரை எல்லாரையும் கிண்டல் செய்துகொண்டிருந்த சுனில்டா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய் ஓவென்று அழுதாள். அவளுக்குப் பயமெல்லாம் இல்லை, ஆத்திரம்தான். பெற்றுப் போட்ட பச்சை உடம்பு, இரவெல்லாம் பால் கொடுத்த களைப்பு, இதில் பிள்ளையைத் தொடக்கூட ஆளில்லையே என்ற வேதனை வேறு.

எலாதியோவுக்கு மனசு தாங்கவில்லை. பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினான்.

"அழாதே சுனில்டா. இவன் லூயிசோன் ஆக மாட்டான். எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"எனக்கு மட்டும் தெரியாதா? அதுக்கா அழறேன்?"

தைரியசாலி மாதிரி நடிக்கிறாள், பாவம் என்று எலாதியோ நினைத்தான். இத்தனை வருஷமாகத் தொண்டையில் சிக்கியிருந்ததைத் துப்பிவிட இதைவிட நல்ல நேரம் வராது என்றும் தோன்றியது.

"நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறமா அடி. ஆத்துக்கு அந்தப் பக்கம் சிப்பா ரொட்டி விக்கிறாளே நிமியா, அவகிட்ட எனக்கு ஒரு பையன் இருக்கான். நம்ம ஓஸ்மருக்கும் பிளாஸுக்கும் நடுவுல பொறந்தவன்."

சுனில்டாவின் அழுகை நின்றது. அவள் கை தானாக அடுப்பின் மேலிருந்த அகப்பையைத் தேடியது.

"பொறு, பொறு! நல்ல சேதியே இனிமேதான்," என்று இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு மடமடவென்று சொன்னான் எலாதியோ. "அந்தக் கணக்குப்படி ரூபேன்தான் எனக்கு ஏழாவது. அதனாலதான் அவனுக்கு அப்பவே பரிகாரம் பண்ணினேன். இவன் எட்டாவது! எட்டாவதுக்கு ஒண்ணுமே கிடையாது. இனிமே நீ பயப்படவே வேண்டாம்."

ஓங்கிய அகப்பை அந்தரத்தில் நின்றது. சுனில்டா அதைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக முற்றத்துப் பிள்ளைகளைப் பார்த்து விரல் விட்டு எண்ணினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒருத்தனை மட்டும் விட்டுவிட்டு இன்னொரு தரம் எண்ணினாள். இவ்வளவு நேரம் இல்லாத பயம் அவள் முகத்தில் அப்போதுதான் வந்தது. குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு அலறினாள்.

"அடப்பாவி மனுஷா, அப்ப இவன்தான் உனக்கு ஏழாவது!"