மூன்றாவது பூச்சு

“அப்போ இன்னைக்கும் டிரைவிங் கிளாஸ் கிடையாதா?” என்றாள் மனைவி.

“பெயின்ட்டைக் காப்பாத்துற சீலன்ட்டை இப்பத்தான் மூணாவது தடவை பூசியிருக்கேன், காய வேண்டாமா? வெட்டவெளியில நிக்கிற வண்டி. வெயிலு, மழை, காக்கா எச்சம்... பெயின்ட் என்னத்துக்காகும்?”

“போன ஞாயித்துக்கிழமையும் இதைத்தான் சொன்னீங்க.”

கணவன் காது கேளாதவன்போல் கார்ச் சக்கரத்தைத் துடைத்தான். அவள் சிவப்பு எல் ஸ்டிக்கரை எடுத்து பானெட்டில் ஒட்டினாள். வழுக்கி விழுந்தது. மறுபடி ஒட்டினாள், மறுபடியும் விழுந்தது.

“பாத்தியா, இனிமே இதுல எதுவும் ஒட்டாது! ஸ்டிக்கர் இல்லாம ரோட்டுல இறங்கினா போலீஸ் சும்மா விடுமா?” மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டதுபோல் அவன் முகம் மலர்ந்தது.

அவள் வயிற்றைத் தாங்கியபடி சிரமப்பட்டுக் குனிந்து ஸ்டிக்கரை எடுத்தாள். முன் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். கச்சிதமாக ஒட்டிக்கொண்டது.

“கண்ணாடிக்குப் பூச மறந்துட்டீங்களே!”

அவன் கையிலிருந்த துணி வியர்வையில் நனைந்தது. அவள் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பிடித்தாள்.

“இருநூறு பேருக்கு ஓட்டக் கத்துக்குடுத்தவ நான். ஆனா அடுத்த மாசம் வலி எடுத்தா, நானே ஓட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதுங்க. பயப்படாதீங்க, பக்கத்துல நான் இருக்கேன். தெருமுனை வரைக்கும் ஒரே ஒரு தடவை ஓட்டுங்களேன்...”