ஒரு சோகி குறைவு

இருபத்திரண்டு நாளும் மூன்று மணித்தியாலமும். அவ்வளவு தேடியும் காலில்லா அரணை ஒன்றைக்கூடக் காணவில்லை என்று எழுதி, அரசாங்க ஆய்வுக்கு வந்த செல்லத்தங்கம் கடைசித் தாளிலும் கையெழுத்து வைத்தாள்.

அவளுக்கு வழிகாட்டியாகப் போன முத்தலிப்புக்கு அப்பாடா என்றிருந்திருக்க வேண்டும். அட்டாளைச்சேனைச் சந்தியில் அவளுடைய பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு கல்முனை பஸ்ஸுக்காக நின்றவருக்கு, இத்தனை நாள் நடையில் செருப்பு இரண்டும் தேய்ந்து ஓட்டையாகியிருந்தன. இந்த அலைச்சல் அத்தனையும் அவராகத் தேடிக்கொண்டது.

முதல் நாள் அவள் ஒரு படத்தைக் காட்டினாள். மண்புழுவைவிடச் சற்றுத் தடித்த, காலே இல்லாத அரணை. உக்கின மரத்துக்குக் கீழே ஈரமண்ணுக்குள் வாழும்; இனி எத்தனை மிச்சம் என்று யாருக்கும் தெரியாது என்றாள்.

"கண்டிரிக்கீங்களா காக்கா?" அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"இல்ல மிஸ்."

கண்டிருந்தார். அவருடைய தென்னந்தோட்டத்தில், சூறாவளிக்கு விழுந்த குற்றி ஒன்றின் கீழே, போன கிழமைதான்.

"கண்டா என்ன செய்வாங்க?" என்று கேட்டார்.

"அந்த இடத்த அரசாங்கம் எடுத்து, கல்லு நட்டு வேலி அடைக்கும். போன வருசம் வேற ஒரு ஊரில நான்தான் கண்டு குடுத்தன்."

"அங்க இருந்த ஆக்கள்?"

அவள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நெடுநேரம் குடித்தாள்.

முத்தலிப்பின் காணிக்கு உறுதிப்பத்திரம் கிடையாது. பெர்மிட் துண்டு ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு முன் அடித்த சூறாவளி நாற்பது தென்னையைச் சாய்த்துப்போட்டது. அதன் பிறகு கன்று கன்றாகத் தண்ணீர் சுமந்து மீட்ட இரண்டு ஏக்கர். கல் நட்டால் போச்சு.

ஆகவே, வழிகாட்டி வழியை மாற்றினார். ஈரம் ஒட்டாத மணல்மேடுகளாகப் பார்த்துக் கூட்டிப் போனார். அரணை என்ன, எறும்புகூடக் குடியிருக்க யோசிக்கும் இடங்கள்.

விழுந்து கிடக்கும் ஒவ்வொரு குற்றியையும் புரட்டிப் பார்த்து, இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும். அதுதான் வேலை. கடற்கரையில் பொறுக்கிய சோகிச் சிப்பிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு குற்றிக்கு ஒரு சோகியாக வலப்பையிலிருந்து இடப்பைக்கு மாற்றுவார். அவள் தாளில் கோடு போடுவாள். பின்னேரம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

மூன்றாம் நாள் மட்டும் வெயில் தாங்காமல் லுஹர் தொழுகை நேரத்துக்கு அவருடைய தோட்டத்துக்கே ஒதுங்க வேண்டி வந்தது. கிணறு அங்கேதான் இருந்தது. முத்தலிப் ஒரு யோசனை செய்தார். குந்தியிருக்கிற ஆசனத்தை யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

"இதில இரிங்க மிஸ், ராசாத்தி மாதிரி," என்று, தான் அரணையைக் கண்ட அந்த முழ நீளக் குற்றியின் மேலேயே அவளை இருத்தி, குடிக்கக் கையில் ஒரு குரும்பையும் வெட்டிக் கொடுத்தார். பிறகு கைகால் கழுவி வுளூச் செய்து, மேற்கே பார்த்துத் தக்பீர் கட்டித் தொழுதார்.

ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது, அவள் அதே குற்றியில் அதே இடத்தில் இருந்தாள். குரும்பை மடியில் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று எழும்பினார்.

அன்று பின்னேரம் சோகி முப்பது. தாளில் கோடு முப்பத்தொன்று.

"ஒரு சோகிய எங்கயோ தவறவிட்டுட்டன் போல, மிஸ்."

"ரெண்டு பேருக்கும் களைப்புத்தானே காக்கா," என்றாள்.

அதற்குப் பிறகு களைப்பைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அவளுடைய குதிக்கால் கொப்புளம் போட்டு உடைந்தது. இரண்டு நாள் காய்ச்சலோடும் நடந்தாள்.

"மூணு கிழமையா மண்ணக் கிளறுறீங்க," என்று சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டே அவர் மனைவி றாஹிலா ஏசினாள். "எங்கிட கோழி இதுக்குள்ள ஒரு குடும்பத்துக்குப் புழு எடுத்திரிக்கும்."

பத்தொன்பதாம் நாள் அந்தச் சோற்றைப் பிசைந்துகொண்டே செல்லத்தங்கம் சொன்னாள்: "இங்க ஒண்டையாவது கண்டுபிடிச்சாத்தான் என்ட வேல நிரந்தரமாகும். இல்லாட்டி இதோட முடிஞ்சிது." யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அன்றிலிருந்து முத்தலிப்புக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் இரண்டு ஏக்கர். மறு பக்கம், செருப்பு வாரில் துணி சுற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை முறைப்பாடில்லாமல் பின்னால் நடந்து வரும் ஒரு பிள்ளை.

பஸ் வந்து நின்றது. அவள் பெட்டியைத் தூக்கக் குனிந்தாள். அவர் விடவில்லை.

"மிஸ், இண்டைக்குப் போகாதீங்க."

"ஏன் காக்கா?"

"என்ட காணிக்குள்ள ஒரு குற்றி கிடக்கு. அண்டைக்கு நீங்க இருந்தீங்களே, அதுதான். அத நாம இன்னும் பிரட்டிப் பாக்கல்ல மிஸ். வாங்க, பாப்பம்."

அவளும் பெட்டியின் கைப்பிடியை விடவில்லை.

"ஏறுறதெண்டா ஏறுங்கோ! கதைக்கிறதெண்டா வீட்ட போய்க் கதைங்கோ!" என்று கொண்டக்டர் கத்தினார்.

பெட்டியை அவர் கையிலிருந்து மெதுவாக விடுவித்துக்கொண்டு அவள் ஏறினாள். யன்னலோரம் இருந்து தலையை வெளியே நீட்டினாள். இருபத்திரண்டு நாளில் முதன்முறையாக அவள் சிரித்ததை முத்தலிப் பார்த்தார்.

"அண்டைக்கு உங்கட சோகி ஒண்டும் தவறிப் போகல்ல, காக்கா. நீங்க தொழக்குள்ள நான் பிரட்டினன், ரெண்டு கிடந்திச்சி."