பின் சீட்

"வாப்பா, நான் இந்தக் காருக்குள்ளயா பொறந்தேன்?" என்று மெக்கானிக் பக்கீரிடம் மகள் ஒருமுறை கேட்டிருக்கிறாள். ஞானாபரணத்தின் அந்த மோரிஸ் மைனரைப் புதுப்பிக்க முடியுமா என்று பார்க்கத்தான் இன்று பக்கீரைக் கூப்பிட்டிருந்தார்கள். பக்கீர் வண்டியின் அடித்தகட்டில் ஸ்க்ரூடிரைவரை லேசாக அழுத்தினார், பிடிவரை இறங்கியது.

"ஒரு தடவையாவது ஓடுமாப்பா?" என்றார் ஞானாபரணம்.

"ஓடாதுங்கய்யா. சேசிஸைத் துரு தின்னுட்டு."

ஞானாபரணத்தின் மகன் சிரித்தான். "நாளைக்கே பேரீச்சம்பழத்துக்குப் போட்டுரலாம். அப்பா, நீங்களும் உள்ள ஏறிக்கிடுங்க, எடை கூடும்."

கிழவரும் சிரித்துவைத்தார். மகன் அவரை வீட்டுக்குள் கூட்டிப்போனான்.

பக்கீரின் மகள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இந்த வண்டியிலேயே பிறந்த அன்று, சீட்டில் படிந்த ரத்தத்தைத் தன் கையாலேயே கழுவியவர் ஞானாபரணம். பக்கீர் வாளியில் தண்ணீர் பிடித்து வந்து, நாளை நொறுக்கப்போகிற வண்டியின் பின் சீட்டை மூலைமுடுக்கு விடாமல் துடைத்தார்.