சில்வஸ்டரின் பதினைந்து இஞ்ச் பாக்ஸ்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பிலோமி நீட்டிய வேதப்புத்தகத்தின் மேல் அவள் புருஷன் சில்வஸ்டர் கை வைத்துச் சொன்னது.

இடது கை. வலது கை முழங்கைவரை மாவுக்கட்டில் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் பிலோமியின் தம்பி டக்ளஸ். தாடையைக் கம்பி போட்டு இறுக்கியிருந்ததால், அவனால் கண்ணால் மட்டும்தான் சத்தியம் செய்ய முடிந்தது.

நடந்தது இதுதான்.

குந்தா மலையில், மஞ்சூருக்குக் கீழே தேயிலை எஸ்டேட் மைதானத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். ஆறரைக்குக் கச்சேரி. ஃபாக்டரியில் ஃபிட்டரான சில்வஸ்டர் அதில் பேஸ் கிட்டார்; முப்பது வருஷமாக அந்த மலையில் யார் கல்யாணத்துக்கும் அவர்தான் பேஸ். மைக் செட்டு டக்ளஸுடையது.

பகல் மூன்று மணிக்கு சில்வஸ்டர் தன் பாக்ஸோடு வந்து இறங்கினார். பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர். சில்வர் ஓக் பலகையில் அவரே அடித்த கூடு. நாலு பேர் தூக்கினால் ஒருவருக்காவது இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

டக்ளஸ் காலையிலிருந்தே கடுப்பில் இருந்தான். அவனுடைய ஜெனரேட்டரை ஏற்றிவந்த ஜீப் எமரால்டு பக்கம் அச்சு முறிந்து நின்றுவிட்டது.

"ஏனுங் மச்சான், இந்தச் சவப்பெட்டிய எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க? வயரை நேரா என்ற மிக்சர்ல சொருகுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"பேஸுங்கறது காதுல கேக்கறதுக்கில்லடா மாப்ளே. நெஞ்சுல வந்து முட்டோணும்."

"அதுக்கு நம்ம டெனின் பையனோட இடது கையே போதுங்களாம். கீபோர்டுலயே பேஸையும் சேத்தி வாசிச்சுப் போடறானாம். அடுத்த கச்சேரிக்கு நீங்க ஊட்லயே இருந்துக்கலாம்."

மூன்று மாதமாக சில்வஸ்டருக்குத் தூக்கம் கெட்டதே இந்த இடது கையால்தான். இன்றைக்கு முன்வரிசையில் உட்காருகிறவர்களின் சட்டைப் பொத்தான் அதிரவில்லையென்றால் அவருடைய முப்பது வருஷமும் முடிந்தது.

அவர் பாக்ஸை மேடையில் நிறுத்தினார். எல்லாக் குமிழையும் கடைசிவரை திருகினார். புதிதாக வாங்கிய ஐந்து கம்பிக் கிட்டாரில், இருப்பதிலேயே தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டார்.

தேயிலைச் செடிகளில் தங்கியிருந்த மழைத்தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் உதிர்ந்தது. ஃபாக்டரியில் சல்லடை மிஷின் ஓடாமலேயே தூள் ரகம் ரகமாகப் பிரிந்து நின்றது. மைதானத்தின் மேல் கிடந்த மூடுபனி நடுவில் கிழிந்தது.

அந்தக் கிழிசல் வழியாக அது வந்தது.

காட்டெருமை. கூட்டத்தை விட்டுப் பிரிந்த தனியன். கொழுந்து லாரி அளவு உடம்பு. கேட்ட சத்தத்தை இன்னொரு கடாவின் சவால் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. அவ்வளவு சுத்தமான சத்தம்.

முதல் பாய்ச்சல் பாக்ஸின் மேல். ஸ்பீக்கர் பப்படம் போலக் கிழிந்தது. ஓட்டை சரியாக எட்டாம் நம்பர் ஷூ அளவு. கொம்பின் அடிப்பக்கம் அவ்வளவு தடிமன் இருக்கும் என்றார் சில்வஸ்டர்.

அடுத்தது டக்ளஸ். இரண்டு விலா எலும்பு ஒடிந்தது மேடைக்குக் கீழே வரை கேட்டது. விழுந்தவனின் தாடையில் ஒன்று. எழுந்தவனின் மூக்கில் ஒன்று. ரத்தம் மிக்சரின் மேல் கொட்டி, குமிழ்களுக்கு நடுவே வாய்க்கால் வெட்டி ஓடியது.

மச்சினனை விட்டுவிட்டு ஓடுகிற ஆளா சில்வஸ்டர்? மைக் ஸ்டாண்டை எடுத்துக் காட்டெருமையின் விலாவில் விளாசினார். ஸ்டாண்டு வில்லாக வளைந்தது. கிட்டாரைச் சுழற்றி அதன் மூக்கில் இறக்கினார். கழுத்து முறிந்தது, கிட்டாரின் கழுத்து. பிறகு வெறும் கை. முஷ்டியை மடக்கி அதன் வாயிலேயே குத்தினார். "இடது கையாம், இடது கை!" என்று கத்திக்கொண்டே குத்தினார். தன் விரல் எலும்புகள் நொறுங்குவது தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை.

காட்டெருமையிடம் போய் ஏன் அதைக் கத்தினார் என்று பிலோமி கேட்டாள். ஆவேசத்தில் வாயில் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்?

அது அழுதுகொண்டே காட்டுக்குள் போயிற்றாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சில்வஸ்டரின் முஷ்டியிலிருந்து பாதிப் பல் ஒன்றை இடுக்கியால் பிடுங்கினார். சொத்தைப் பல். சுற்றுலா வருகிறவர்கள் சாக்லேட் போட்டுப் போட்டு, மசினகுடியிலிருந்து மஞ்சூர்வரை காட்டெருமைகளுக்கெல்லாம் பல் கெட்டுவிட்டது என்று சில்வஸ்டர் விளக்கம் சொன்னார். டாக்டர் டக்ளஸின் தாடையைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தையல் போட்டார்.

ஆறரைக்கு, வேறொருவருடைய மைக் செட்டில், கச்சேரி நடந்தது. டெனினின் இடது கைதான் பேஸ். ஒருவரும் குறை சொல்லவில்லை. சில்வஸ்டர் கதையில் இந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டினார்.

பிலோமி வேதப்புத்தகத்தை மூடினாள். இரண்டு கட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன்டா டக்ளஸு, காட்டெருமையேதானா?"

டக்ளஸ் கூரையைப் பார்த்தான். மச்சானின் மாவுக்கட்டைப் பார்த்தான். அக்காவின் கழுத்துத் தாலியைப் பார்த்தான். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான்.

"அப்பச் செரி" என்றாள் பிலோமி. இரண்டு பேருக்கும் கஞ்சி ஆற்ற ஆரம்பித்தாள்.

ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற அந்தக் குந்தா மலையில், ரிசப்ஷன் அன்றைக்குக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை, பராமரிப்பு வேலைக்காகக் கரண்ட் இல்லை.