வண்டித்தடத்துத் தண்ணீர்

வண்டித்தடத்தில் தேங்கிய மழைத்தண்ணீரில் ஒரு தலைப்பிரட்டையும் அதன் கூடப்பிறந்தவையும் நீந்திக்கொண்டிருந்தன. வெயில் ஏற ஏறத் தண்ணீர் இறங்கியது. கால் முளைப்பதற்குள் அது வற்றிவிட்டால் எல்லோர் கதையும் முடிந்தது.

தலைப்பிரட்டை சூரியனிடமே பேரத்துக்குப் போனது. "நாலு நாள் விடு."

"ஒரு நாள்."

"வாயில வந்ததைச் சொல்லாதே. மூணு."

"ரெண்டு. இதுக்கு மேல பேசாதே."

அந்த ரெண்டு நாளும் அதற்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்ணில் பட்ட பாசியையெல்லாம் வழித்துத் தின்றது. பின்னங்கால் வந்தும் நிம்மதியில்லை. முன்னங்காலுக்காகச் சேற்றில் புரண்டு புரண்டு தவித்தது.

கரையிலிருந்த நத்தை கொட்டாவி விட்டது. "நேத்து வெறும் கறுப்புப் புள்ளி. இன்னைக்குக் காலோட நிக்கிற. மளமளன்னு வளர்றியே மாப்ளே, கொடுத்துவச்சவன்டா நீ."

தலைப்பிரட்டைக்கு ஒருவழியாக முன்னங்காலும் முளைத்தது. கடைசி ஈரமும் காய்ந்த மதியம், வால்கூட உதிராமல் எகிறிக் கரையில் விழுந்தது.

"எப்படிடா இப்படி மளமளன்னு வளர்ந்தே? எனக்கும் சொல்லேன்" என்றது நத்தை.

குட்டித்தவளை திரும்பிப் பார்த்தது. காய்ந்த சேற்றில் கறுப்புப் புள்ளிகள் ஒட்டிக் கிடந்தன.

"நான் எங்க வளர்ந்தேன், மாமா? தண்ணி மளமளன்னு வத்துச்சு."

சொல்லிவிட்டு நிழல் தேடித் தாவியது.