சோப்புக் குமிழி

கராஜுக்குள் விஸ்கான்சின் வெயில் பீர் பீப்பாயின் வயிற்றில் பளபளக்கிறது. வீட்டிலேயே காய்ச்சிய பீர். நண்பர்கள் வர இன்னும் ஒரு மணி நேரம். பீரை நுரைக்கவைக்கும் வாயு சிலிண்டர், இந்த மாதத்தின் மூன்றாவது, அதுவும் எங்கோ கசிந்து காலியாகிக்கொண்டிருக்கிறது. கண்புரை விழுந்த ஹார்லன் குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்ச, மனைவி நோரீன் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். “எங்கயாவது குமிழி வருதா? உன்னப் போய்க் கேக்கறேன் பாரு. மூக்குக்கு நேரா வந்தாலும் உனக்குத் தெரியாது” என்கிறார் ஹார்லன். சிலிண்டரின் கழுத்தில், அவளுடைய மூக்குக்கு நேராக, ஒரு குமிழி பட்டாணியளவு உப்பி, நிறம் சுழன்று, உடைகிறது. அடுத்தது கிளம்புகிறது. “ஆமா, எனக்கு ஒண்ணும் தெரியல” என்கிறாள். அவர், குழாயின் மறுமுனையில் இறுக்கமாகவே இருக்கும் இணைப்பைத் தடவித் தடவிக் கழற்றத் தொடங்குகிறார். டார்ச் வெளிச்சம் குமிழியை விட்டு அசையவில்லை.